வெல்லப்பாகில் வந்த பாட்டில்

காலை ஆறு மணி நாற்பது நிமிடம். விழுப்புரம் ஜங்ஷனில் திண்டிவனம் பக்கத்திலிருந்து வந்த பாசஞ்சர் நின்றது. ரயில் கார்டு தன் பெட்டியிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தார். முதலில் என் கண்ணில் பட்டவை எறும்புகள். பெட்டியின் இடுக்கிலிருந்து ஒற்றை வரிசையில் வெளியே வந்து, கார்டின் சட்டைக் கை வரைக்கும் போயிருந்தன.

"இன்னாய்யா இது, உங்க டாக்டரு பலகார வியாபாரம் ஆரம்பிச்சிட்டாரா?" என்று கையை உதறிக்கொண்டே கேட்டார்.

அந்தப் பெட்டிகளை நான் மூன்று வருடமாக வாங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது, சதை அழுகாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றிய பாட்டில். அதற்குள் ஒரு மனிதரின் வாயிலிருந்து வெட்டி எடுத்த, கடலைப் பருப்பு அளவுள்ள சதைத் துண்டு. ஃபார்மலின் வாசனைக்கு எறும்பு மட்டுமல்ல, தெரு நாயும் பக்கத்தில் வராது.

சென்ற மாதம் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். திசு வங்கியில் வேலை செய்கிறார்களாம். புற்றுநோய்த் துண்டுகளை மைனஸ் எண்பது டிகிரி குளிரில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குப்பியிலும் கோடு போட்ட சீட்டு. அதைக் கருவியிடம் காட்டினால் நோயாளியின் விவரம் திரையில் வருகிறது. "உங்க காலத்துல எப்படி சார் வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார்கள். "பானையில்" என்றேன். சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது வங்கி என்ற பெயர் கிடையாது. 'சேகரம்' என்போம். ஐம்பதுகளின் பிற்பகுதி. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு வாயில், அதிலும் கன்னத்தின் உட்புறத்தில், புற்று ஏன் இவ்வளவு வருகிறது என்று சென்னையில் சிலர் ஆராயத் தொடங்கியிருந்தார்கள். அதற்கு சதைத் துண்டுகள் வேண்டும். நான்கு திசையிலிருந்தும் ரயில் வந்து சேரும் ஊர் என்பதால் விழுப்புரத்தில் ஒரு கிளை வைத்தார்கள். ஜங்ஷனிலிருந்து ஐந்து நிமிட நடை. ஓட்டு வீட்டில் இரண்டு அறை.

அதற்கு முன் நான் சென்னையில் ஒரு தினசரியில் நிருபராக இருந்தேன். பத்திரிகை நின்றுபோனது. 'தெளிவாக எழுதத் தெரிந்த ஆள் தேவை' என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தேன். சதையை மெழுகில் பதிப்பது, சீவுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் எட்டு மாதத்தில் கற்றுக்கொண்டேன். அந்த எட்டு மாதத்தைப் பற்றி, என் சட்டைகள் எல்லாம் நீலமும் ரோஜாவுமாகப் புள்ளி விழுந்தன என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

பானை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சதைத் துண்டைப் பதித்த மெழுகுக் கட்டி தீப்பெட்டியில் பாதி இருக்கும். சித்திரை வெயிலில் அது குழைந்துவிடும். குளிர்ப்பெட்டி எங்களிடம் இல்லை. பின்னறையில் மணல் கொட்டி, அதில் மண்பானைகளைக் கழுத்து வரை புதைத்து, மணலுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்போம். கட்டிகள் தகர டப்பாவில், டப்பாக்கள் பானைக்குள். எண் போட்ட அட்டைகள் மட்டும் முன்னறை அலமாரியில்.

எங்கள் தலைவர் டாக்டர் தேவசகாயம். ஐம்பது வயதைத் தாண்டியவர். உயரம் குறைவு. ஷூவைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலுடன்தான் வேலை செய்வார். அவரிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, பாட்டிலை அவர் பாட்டில் என்று சொல்ல மாட்டார். காலையில் உள்ளே வந்ததும் "இன்னைக்கு யார் வந்திருக்காங்க?" என்று கேட்பார். நானும் "பண்ருட்டியிலேர்ந்து ஒருத்தர், திருவாமாத்தூர்லேர்ந்து ஒரு அம்மா" என்று சொல்லப் பழகிவிட்டேன். இரண்டாவது, கண்ணாடித் தகட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்து முடிக்கும் வரை அந்த நபரின் அட்டையைப் படிக்க மாட்டார். பெயர், வயது, வாயில் எத்தனை நாளாகப் புண், எதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. "முதல்ல கண்ணாடி, அப்புறம் காகிதம்" என்பார். காகிதத்தை முதலில் படித்தால், அதில் எழுதியிருப்பதைத்தான் கண் தேடும் என்பது அவர் கருத்து. பத்திரிகை ஆபீசில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

எறும்பு வந்த பெட்டியை அறைக்குக் கொண்டுபோய்த் திறந்தேன். பாட்டிலின் கழுத்தில் கட்டியிருந்த துணி பிசுபிசுத்தது. மூடியைத் திருகினேன். ஃபார்மலின் நெடியில் எரிய வேண்டிய கண் எரியவில்லை. உள்ளே கறுப்புத் தேன் போன்ற பாகு. அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு துண்டு. பாட்டிலுக்குள் இருக்க வேண்டிய பென்சில் சீட்டு சரியாக இருந்தது. மை கரைந்துவிடும் என்பதால் பென்சிலால்தான் எழுத வேண்டும். அஞ்சலை, வயது முப்பத்தைந்து, இடது கன்னம் என்றிருந்தது. பெட்டியில் மடித்து வைத்த ஒரு கடிதமும் இருந்தது. அதை நான் உடனே பிரிக்கவில்லை.

ஃபார்மலினில் வராத துண்டை நிராகரிக்கலாம் என்று விதி இருந்தது. அந்த அதிகாரம் என்னிடம் இருந்தது. சிவப்புப் பென்சிலை எடுத்து அட்டையின் மேல் 'தகுதியற்றது' என்று எழுதினேன். நேரத்தையும் எழுதினேன். ஏழு மணி பத்து நிமிடம்.

எட்டு மணிக்கு டாக்டர் வந்தார்.

"யார் வந்திருக்காங்க?"

"திண்டிவனத்திலேர்ந்து ஒரு அம்மா சார். ஆனா கெட்டுப்போய் வந்திருக்காங்க. தித்திப்புல போட்டு அனுப்பியிருக்கான் கம்பவுண்டர். பெட்டி பூரா எறும்பு."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். அவ்வளவும் எறும்பு."

"எறும்பைப் பார்த்ததைச் சொல்றீங்க. அந்த அம்மாவைப் பார்த்தீங்களான்னு கேட்டேன்."

அவர் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகர்ந்தார். "வெல்லம்" என்றார். பிறகு கடிதத்தைப் பிரித்து என்னிடம் நீட்டி, நோயைப் பற்றிய வரி இருந்தால் விட்டுவிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார்.

எழுதியவர் கோவிந்தராஜு. திண்டிவனத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். விக்கிரவாண்டிப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். ஃபார்மலின் தீர்ந்துவிட்டது என்று எனக்கு இரண்டு தபால் கார்டு போட்டும் வரவில்லையாம். ஸ்பிரிட்டில் போடலாமென்றால் அது பூட்டிய அலமாரியில் இருந்தது. மதுவிலக்குச் சட்டப்படி அந்தச் சாவி அந்த ஆஸ்பத்திரி டாக்டரின் இடுப்பில்தான் இருக்க வேண்டும். டாக்டர் ஊரில் இல்லை. மாதம் ஒரு முறை வரும் சர்ஜன் துண்டை வெட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். 'எங்கள் வீட்டில் நெல்லிக்காயை வெல்லப்பாகில் போட்டால் இரண்டு வருஷம் ஆனாலும் அழுகுவதில்லை. ஆகையால் அச்சு வெல்லம் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து அதில் போட்டிருக்கிறேன். தவறானால் மன்னிக்கவும். அந்தப் பெண்பிள்ளை இன்னொரு தரம் வெட்டிக்கொள்ள வரமாட்டேன் என்று சொல்லிப் போய்விட்டாள்.'

அந்த இரண்டு கார்டுகளும் என் மேஜை இழுப்பறையில் இருந்தன. ஃபார்மலின் அனுப்புவது என் வேலை. அடுத்த வாரம் அனுப்பலாம் என்று போட்டு வைத்திருந்தேன். எடுத்து டாக்டர் முன்னால் வைத்தேன். அவர் இரண்டையும் படித்தார். தேதிகளைப் பார்த்தார். என்னிடம் ரப்பரை நீட்டினார். சிவப்புப் பென்சிலில் எழுதியதை அழித்தேன். சிவப்பு முழுதாகப் போகவில்லை.

அவர் பாகைக் கழுவி, துண்டை ஃபார்மலினில் ஒரு நாள் வைத்தார். பிறகு என் வேலை. முதலில் நீர்த்த ஸ்பிரிட், அப்புறம் கொஞ்சம் கடுமையானது, கடைசியில் சுத்த ஸ்பிரிட் என்று படிப்படியாக மாற்றி, துண்டிலுள்ள தண்ணீரை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் சுருங்கிவிடும். அதன்பின், ஸ்பிரிட்டை வெளியேற்றி மெழுகுக்கு வழிவிடும் சைலீன். அதன்பின் உருகிய மெழுகு. மெழுகு அடுப்பு மண்ணெண்ணெய் விளக்கில் எரிந்தது. சூடு ஐம்பத்தெட்டு டிகிரியைத் தாண்டக் கூடாது. மற்ற நாட்களில் மணிக்கு ஒரு முறை பார்ப்பேன். அன்றைக்கு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்குக் கட்டியைச் சீவும் கருவியில் பொருத்தினேன். கைப்பிடியைச் சுற்றினால் கத்தி கட்டியைத் தொடும். கெட்டுப்போன சதை தூளாக உதிரும். இது உதிரவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கியது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டேன். சுருக்கமின்றி விரிந்தது. கண்ணாடித் தகட்டால் ஏந்தி எடுத்து, நீலச் சாயமும் ரோஜாச் சாயமும் ஏற்றினேன்.

டாக்டர் வடக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பார்த்தார். அவர் ஒரு தகட்டைப் பார்க்க எடுத்துக்கொள்ளும் நேரம் எனக்குத் தெரியும். நான்கு நிமிடம், அதிகம் போனால் ஆறு. அன்றைக்குப் பதினொன்று. பிறகு எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார்.

"பாருங்க."

அதற்கு முன் எத்தனையோ தகடுகளை எட்டிப் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே ரோஜா நிறக் குழம்புதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். அறை அறையாகச் சுவர் தெரிந்தது. ஒவ்வோர் அறையிலும் ஒரு நீலப்புள்ளி. கம்பவுண்டர் வீட்டு அடுப்பில் காய்ச்சிய வெல்லத்தில் இரண்டு நாள் கிடந்து, எறும்பு மொய்த்து, கார்டு பெட்டியில் குலுங்கி வந்த சதை. அதில் ஒரு சுவர்கூட இடிந்திருக்கவில்லை. தலைமயிரின் பருமனைப் பத்தாகப் பிளந்தால் வரும் பருமனுள்ள சீவலில் தெரிந்த சுவர்கள்.

"நடுவுல சுழி சுழியா இருக்கா?"

இருந்தது. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் தெரியும் வளையங்கள் போல. ரோஜா நிறம். அங்கங்கே மூன்று, நான்கு. பார்க்க அழகாக இருந்தது. அப்படியே சொன்னேன்.

"ஆமா, அழகாத்தான் இருக்கும்" என்றார். "அதுதான் புற்று. இருக்க வேண்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்கியிருக்கு. ஆனா ரொம்ப தூரம் போகல. இப்ப ரேடியம் வெச்சு எரிச்சா பொழைச்சுப்பாங்க. நாலு மாசம் கழிச்சு வந்தா சொல்ல முடியாது."

அதன்பின்தான் அட்டையை வாங்கிப் படித்தார். 'பாதுகாப்புத் திரவம்' என்ற கட்டத்தில் எல்லா அட்டையிலும் ஃபார்மலின் என்றிருக்கும். இதில் தன் கையால் 'வெல்லம்' என்று எழுதினார்.

மறுநாள் ஃபார்மலின் டின்னைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். கோவிந்தராஜு என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். வேலை போய்விட்டது என்று நினைத்திருக்கிறான்.

"சார், பேஜாரு பண்ணிட்டேனா?"

"இல்லை. நான்தான் பண்ணிட்டேன்" என்று டின்னைக் கீழே வைத்தேன். துண்டு நன்றாக இருந்தது என்றேன். அவன் நம்பாமல் இரண்டு தடவை கேட்டான். பிறகு முடிவைச் சொன்னேன். அவன் முகத்திலிருந்த சந்தோஷம் இறங்கிவிட்டது.

அஞ்சலையின் ஊர் மயிலம் போகும் வழியில் இருந்தது. பஸ் நிற்காத ஊர். கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, மல்லாட்டை என்று அங்கே சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளின் நடுவே ஒரு மைல் நடந்தோம். அறுவடைக் காலம். அஞ்சலையும் அவள் கணவன் ஏழுமலையும் யாருடைய நிலத்திலோ கூலிக்குச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளை செடிக்குவியலின் நிழலில் தூங்கியது.

அவள் எழுந்திருக்கவில்லை. ஆய்ந்துகொண்டே கேட்டாள். வாயை ஒரு பக்கமாகத்தான் திறந்தாள்.

கோவிந்தராஜு சொன்னான்: "யம்மா, ஒடனே மெட்ராஸ் போவணும். ரெண்டு மாசம் தங்கறாப்பல இருக்கும். ஜல்தியா போனா சரியாப் பூடும்னு பெரிய டாக்டரே சொல்லிக்கீறாரு."

"ரெண்டு மாசமா?" என்றான் ஏழுமலை. "புள்ளைங்களை யாரு பாக்கறது? கெயங்கு மாதிரி கீறா, இவளுக்கு இன்னா? ஒடஞ்ச பல்லு கீறிப் புண்ணு. பல்லைப் புடுங்கினா ஆறிப்பூடும்."

அவன் சொன்னது முட்டாள்தனமல்ல. உடைந்த பல் அந்தப் பக்கம் உண்மையாகவே இருந்தது. அப்படிப்பட்ட புண்ணும் வரும்.

அஞ்சலை கையிலிருந்த செடியைக் கீழே வைத்தாள். "கம்பவுண்டரே, ஒண்ணு கேக்கறேன். என் சதைய வெல்லத்துலதான போட்டு அனுப்பினே? நீயே சொன்னியே."

"ஆமாம்மா."

"மல்லாட்டைய வெல்லத்துல போட்டா உருண்டை ஆவுது. மாங்காயப் போட்டா பச்சடி ஆவுது. எத்தப் போட்டாலும் வேற ஒண்ணா ஆக்கிடுது. என் சதைய மட்டும் சொம்மா வுட்டுடுமா? அந்த டாக்டரு பாத்தது என் நோவா, இல்ல உன் வெல்லம் பண்ண வேலையா?"

கோவிந்தராஜு என்னைப் பார்த்தான். நான் தொலைவிலிருந்த பனைமரத்தைப் பார்த்தேன். டாக்டரின் முடிவைத் திரும்பவும் சொன்னேன். அவளும் கேள்வியைத் திரும்பச் சொன்னாள். "அதுக்கு பதில் சொல்லுங்க. ரெண்டு மாசம் போறேன்."

மாலை ரயிலில் விழுப்புரம் திரும்பினேன். டாக்டரிடம் அவள் சொன்னதைச் சொன்னபடியே, உருண்டை, பச்சடி உட்பட ஒப்பித்தேன். நிருபர் வேலையின் மிச்சம் அது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார்.

"இருபது வருஷமா கண்ணாடி பார்க்கறேன். இந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கணும். நான் கேட்கல. மல்லாட்டை ஆயற அம்மா கேட்டிருக்காங்க." பிறகு, "எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா அவங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கு? ஒரு வாரம் வைத்தியம் தள்ளிப்போனா ஒண்ணும் ஆகாது. செஞ்சு காட்டிடலாம்" என்றார்.

கோவிந்தராஜுவுக்குத் தந்தி கொடுத்தேன். அவன் திண்டிவனத்துக் கசாப்புக் கடையில் ஓர் ஆட்டுத் தலை வாங்கி, கன்னத்தின் உட்புறத்திலிருந்து இரண்டு துண்டு எடுத்து, ஒன்றை நான் கொடுத்த ஃபார்மலினிலும் மற்றொன்றை அதே வெல்லம், அதே அடுப்பு, அதே பாகிலும் போட்டு இரண்டு நாள் வைத்து, தானே நேரில் கொண்டுவந்தான். டாக்டர் அவனிடம், "மீதித் தலையை என்ன பண்ணீங்க?" என்று கேட்டார்.

"கொழம்பு வெச்சிட்டாங்க சார்" என்றான்.

துண்டுகளை நான் பதித்தேன், சீவினேன், சாயம் ஏற்றினேன். இரண்டிலும் எண் மட்டும். எது எது என்று டாக்டருக்குத் தெரியாது. பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான். ஒண்ணு கொஞ்சம் மங்கல்" என்றார். மங்கலானது வெல்லம்.

ஆறாம் நாள் டாக்டர் என்னோடு திண்டிவனத்துக்கே வந்தார். மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்து வந்தார். அஞ்சலையைக் கோவிந்தராஜு போய் அழைத்து வந்திருந்தான். ஏழுமலையும் வந்தான். ஆஸ்பத்திரியின் கிழக்குத் தாழ்வாரத்தில், ஒன்பது மணி வெயிலில் மேஜை போட்டு, மைக்ராஸ்கோப்பின் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். தானே ஒரு நாற்காலியை இழுத்து, "உட்காருங்கம்மா" என்றார். அவள் உட்காரத் தயங்கினாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் உட்கார்ந்தாள்.

ஒரு கண்ணை மட்டும் மூட அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் ஒரு கண்ணை மறைத்துக்கொண்டாள்.

"இது ஆட்டுக் கன்னம். நாங்க எப்பவும் போடற மருந்துல போட்டது." தகட்டை மாற்றினார். "இதுவும் அதே ஆடு. வெல்லத்துல போட்டது."

அவள் இரண்டையும் இரண்டிரண்டு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே மாதிரிதான் கீது" என்றாள்.

"இது உங்களோடது."

அவள் நெடுநேரம் பார்த்தாள். வாசலில் ஒரு பஸ் வந்து நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. அவள் தலையை எடுக்கவில்லை.

"இதுல சுழி சுழியா கீது."

"ஆமாம்மா. அதுதான்."

அவள் நிமிர்ந்தாள். "ஆடு பொயிலை போடுமாய்யா?"

ஏழுமலை, "அடச்சீ, யாருகிட்ட இன்னா பேசறே" என்றான். டாக்டர் அவனைக் கையமர்த்தினார். "இல்லை. ஆடு புகையிலை போடாது. நீங்க சொல்றது சரி. ஆட்டுல சுழி இல்லைன்னாலும், மனுஷங்க எல்லாருக்கும் சுழி இருக்கலாமேன்னு கேக்கறீங்க?"

"ஆமாய்யா."

அவர் என்னைப் பார்த்தார். விழுப்புரத்தில் பானையைத் திறந்து இரண்டு கட்டிகளை எடுத்துத் தகடு போடச் சொன்னபோது எதற்கென்று எனக்குப் புரியவில்லை. அப்போது புரிந்தது. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதலாவது வேறொருவரின் நல்ல கன்னம். உடைந்த பல் கீறிப் புண்ணாகி ஆறியது. இரண்டாவது பண்ருட்டிக்காரர் ஒருவருடையது. இரண்டும் ஃபார்மலினில் வந்தவை. வெல்லம் படாதவை.

முதலாவதில் சுழி இல்லை. அவளே சொன்னாள். இரண்டாவதைப் பார்த்ததும் அவள் முந்தானை கண்ணிலிருந்து நழுவியது.

"இவருக்கும் கீதே."

"ஆமா."

"யாரு இவரு?"

"பண்ருட்டிப் பக்கம். பேர் சொல்லக் கூடாது."

"எந்தப் பக்கம் பொயிலை அடக்குவாரு?"

அது எங்கள் அட்டையில் இருக்கும் கேள்வி. ஆறாவது கேள்வி. நான் எல்லா நோயாளிகளிடமும் கேட்டு எழுதும் கேள்வி. முதல் முறையாக ஒரு நோயாளி என்னிடம் கேட்டாள்.

"இடது பக்கம்" என்றேன். "ராத்திரியில வாயில வெச்சுக்கிட்டே தூங்குவார்."

"நானும்" என்றாள். இடது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "எப்பிடிக் கீறாரு?"

டாக்டர் பொய் சொல்லக்கூடியவர் அல்ல. "காலமாயிட்டார். ரொம்ப லேட்டா வந்தார்."

அவள் மறுபடியும் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தாள். பண்ருட்டிக்காரரின் மனைவியோ மக்களோகூட அவரை அப்படிப் பார்த்திருக்க முடியாது. பிறகு எழுந்து, ஏழுமலையிடம், "உன் தங்கச்சிய வரச்சொல்லு. புள்ளைங்களைப் பாத்துக்கட்டும்" என்றாள். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீயும் பாக்கறியா?" என்று மைக்ராஸ்கோப்பைக் காட்டினாள். அவன் பார்த்தான். பிறகு தங்கையை அழைத்துவரக் கிளம்பினான்.

டாக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். எல்லாரிடமும், படிக்காதவரிடமும், கேட்பார். அந்த நாளில் வேறு யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. "உங்க துண்டை நாங்க வெச்சுக்கலாமாம்மா?"

"ஆட்டுத் தலையையே கம்பவுண்டரு கொழம்பு வெச்சிட்டாரு. இத்த எடுத்துக்கினு போய் நான் இன்னா பண்ணப்போறேன்?" என்றாள். ஒரு பக்க வாயால் சிரித்தாள். படி இறங்கியவள் நின்று, "வெச்சுக்கங்கய்யா. நாளைக்கு எவளாச்சும் வந்து, மெய்தானான்னு கேப்பா. காட்டலாம்" என்றாள்.

டாக்டர் அவள் தெருமுனையில் திரும்பும் வரை வெறுங்காலுடன் வெயிலில் நின்றார்.

சென்னையில் கன்னத்தில் ரேடியம் ஊசிகள் வைத்தார்கள். இரண்டு மாதம் பத்து நாள். மூன்று பற்கள் போயின. வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. கேப்பைக் கூழ் குடிக்கிறாள் என்று கோவிந்தராஜு கார்டு போட்டான். அவன் கார்டுகளை, அவை வந்த அன்றே நான் படிக்கத் தொடங்கியிருந்தேன்.

சேகரத்தின் விதிப்படி, துண்டு கொடுத்தவரை வருடம் ஒரு முறை நேரில் பார்த்து அட்டையின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பெரும்பாலான அட்டைகளில் இரண்டு, மூன்று வரிகளோடு எழுத்து நின்றுவிடும். அறுபதுகளின் நடுவில் எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் கடைசியாகப் பார்த்தவர்களில் அஞ்சலை ஒருத்தி. அவளுடைய அட்டையில் அது ஏழாவது வரி. சிவப்புப் பென்சிலின் கறை முன்பக்கத்தில் அப்போதும் இருந்தது. நான் எழுதியது இது:

'காலை எட்டு மணி ஐந்து நிமிடம். உயிருடன் இருக்கிறார். மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். பேச நேரமில்லை என்றார்.'